‘அட்மின்’ பதிவு முதல் நீதிமன்றத் தீர்ப்பு வரை: அரசியலரின் சமூக ஊடகப் பொறுப்பு (2009–2025)

முன்னுரை

மேடையில் பேசியது சிக்கலானால், ‘பத்திரிகைகள் திரித்து எழுதிவிட்டன’ என்று சொல்லித் தப்புவது அரசியலில் பழைய வழக்கம். சமூக ஊடகம் அந்த வழியை அடைத்துவிட்டது. அங்கே எழுதுபவரும் வெளியிடுபவரும் ஒருவரே. பதிவை நீக்கினாலும் அதன் படப்பிரதி சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே புதிய சமாதானங்கள் பிறந்தன: ‘வேடிக்கைக்குச் சொன்னேன்’, ‘அட்மின் போட்டுவிட்டார்’, ‘படிக்காமல் பகிர்ந்துவிட்டேன்’. இந்தச் சமாதானங்களை யார் ஏற்றார்கள், யார் மறுத்தார்கள் என்பதை 2009 முதல் 2025 வரையிலான இந்திய நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கட்சித் தலைமை செய்துவந்த விசாரணை மெல்ல நீதிமன்றத்தின் கைக்கு வந்தது என்பதும், அந்த மாற்றத்தில் தமிழ்நாட்டு வழக்குகளுக்குப் பெரும் பங்குண்டு என்பதும் இதன் முடிபு.

கட்சியே நீதிமன்றமாக இருந்த காலம்

2009 செப்டம்பரில் மத்திய அரசு சிக்கன நடவடிக்கைகளில் இறங்கியிருந்தது. வெளியுறவுத் துறை இணையமைச்சர் சசி தரூர், விமானத்தின் சாதாரண வகுப்பைக் ‘கால்நடை வகுப்பு’ என்று ட்விட்டரில் குறிப்பிட்டார். காங்கிரஸ் கட்சியே அவரைக் கண்டித்தது. அவர் வருத்தம் தெரிவித்தார். பிரதமர் மன்மோகன் சிங் அதை நகைச்சுவை என்று சொன்ன பிறகு சர்ச்சை தணிந்தது. 2010 ஏப்ரலில் ஐபிஎல் தலைவர் லலித் மோடி, கொச்சி அணியின் பங்குதாரர் விவரத்தை ட்விட்டரில் வெளியிட்டார். தரூருக்கு நெருக்கமான ஒருவருக்கு அதில் பங்கிருந்தது தெரியவந்து கிளம்பிய புயலில் தரூர் அமைச்சர் பதவியை இழந்தார். லலித் மோடியும் அதே மாதம் இடைநீக்கம் செய்யப்பட்டார்.

வலைப்பூவும் இதற்கு விலக்கல்ல. காங்கிரஸ், பாஜக இரண்டையும் சாராத ஒருவர் பிரதமராவது சாத்தியமே என்று 2012 ஆகஸ்டில் பாஜகவின் எல்.கே. அத்வானி தம் வலைப்பூவில் எழுதியது சொந்தக் கட்சிக்கே சங்கடமாயிற்று. இந்நிகழ்வுகளில் சட்டத்துக்கு வேலையே இருக்கவில்லை. கண்டிப்பதும் மன்னிப்பதும் தலைமையின் விருப்பம்.

குடிமக்கள்மீது பாய்ந்த சட்டம்

அதே காலத்தில் சாதாரண மனிதர்களின் நிலை வேறாக இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ‘எரிச்சலூட்டும்’ செய்தியை அனுப்புவதுகூட அதன்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். 2012 ஏப்ரலில், மேற்கு வங்க முதல்வராக இருந்த மம்தா பானர்ஜி பற்றிய கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பிய கொல்கத்தாப் பேராசிரியர் ஒருவர் கைதானார். அக்டோபரில், மத்திய அமைச்சராக இருந்த ப. சிதம்பரத்தின் மகன் கார்த்தியின் சொத்து பற்றி ட்வீட் செய்த புதுச்சேரிச் சிறுதொழில் முனைவர் ஒருவர் கைதானார். அவரை ட்விட்டரில் பின்தொடர்ந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. நவம்பரில், சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைவையொட்டி நடந்த கடையடைப்பைக் கேள்வி கேட்ட இரண்டு இளம்பெண்கள் பால்கரில் கைதானார்கள்.

2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் நீதிபதிகள் செலமேஸ்வர், நாரிமன் அமர்வு 66ஏ பிரிவை முழுமையாக ரத்து செய்தது. விவாதிப்பது, ஒரு கருத்தை ஆதரித்து வாதிடுவது, வன்செயலுக்குத் தூண்டுவது ஆகிய மூன்றையும் அத்தீர்ப்பு பிரித்துக் காட்டியது. முதல் இரண்டும் எவ்வளவு கசந்தாலும் உரிமையே. மூன்றாவதில்தான் சட்டம் தலையிடலாம். அரசியலரின் பதிவுகளை எடைபோடவும் இதைவிடத் தெளிவான அளவுகோல் இல்லை.

தமிழ்நாட்டின் இரு வழக்குகள்

2018 மார்ச்சில் திரிபுராவில் லெனின் சிலை வீழ்த்தப்பட்டதும், அடுத்தது பெரியார் சிலை என்ற பொருள்பட பாஜகவின் எச். ராஜா பெயரிலுள்ள ஃபேஸ்புக் பக்கத்தில் பதிவு வந்தது. அன்றிரவே திருப்பத்தூரில் பெரியார் சிலை சேதப்படுத்தப்பட்டது. பதிவு நீக்கப்பட்டது; தம் அனுமதியின்றி அட்மின் போட்டது என்றார் ராஜா. அடுத்த மாதம் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைப் பகிர்ந்த, அப்போது பாஜகவிலிருந்த நடிகர் எஸ்.வி. சேகர், படிக்காமல் பகிர்ந்ததாகக் கூறி மன்னிப்புக் கேட்டார்.

இரு சமாதானங்களும் நீதிமன்றத்தில் எடுபடவில்லை. ஒன்றைப் பகிர்வது அதை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் என்று 2018 மே மாதத்திலேயே சென்னை உயர் நீதிமன்றம் கூறி, சேகருக்கு முன்ஜாமீன் மறுத்தது. 2023இல் வழக்கை ரத்து செய்ய மறுத்தபோது, அனுப்பிய செய்தி வில்லிலிருந்து விடுபட்ட அம்பு; விளைவுக்கு அனுப்பியவரே பொறுப்பு என்றது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சிலைப் பதிவுக்கும் திமுகவின் கனிமொழி பற்றி அவர் பெயரில் வந்த ட்வீட்டுக்கும் 2024 டிசம்பரில் ராஜாவுக்குத் தலா ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்காகத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

வேட்பாளர்கள் தம் சமூக ஊடகக் கணக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டுமென்று தேர்தல் ஆணையம் 2013 அக்டோபரிலேயே அறிவுறுத்தியது. வாக்குக் கேட்கும்போது தமதென்று அறிவிக்கும் கணக்கை, வழக்கு வந்தபின் அட்மினுடையது என்று கைகழுவ இடமில்லை.

மதிப்பீடு

தீர்ப்புகள் வரவேற்கத்தக்கவை, ஆனால் அவை வர ஆறு ஆண்டுகள் ஆயின. பால்கர் பெண்களைக் கைதுசெய்ய ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. ஆட்சியிலிருப்போர் சினந்தால் அரசியலருக்கும் இதே கதிதான். மம்தா பானர்ஜியின் மாற்றியமைக்கப்பட்ட படத்தைப் பகிர்ந்த பாஜக இளைஞரணிப் பெண் 2019 மே மாதம் கைதாகி, உச்ச நீதிமன்றம்வரை போய் ஜாமீன் பெற்றார். தூய்மைப் பணியாளர் மரணம் பற்றிய ட்வீட்டுக்காகத் தமிழ்நாடு பாஜக செயலாளர் எஸ்.ஜி. சூர்யா 2023 ஜூனில் நள்ளிரவில் கைதானார். ஒரு பதிவு ஆள்வோரைச் சுட்டதா, எளியோரைச் சுட்டதா என்பதைப் பொறுத்தே காவல்துறையின் வேகம் அமைகிறது. இதுவே இந்த வரலாற்றின் பெருங்குறை.

முடிவுரை

பதினைந்து ஆண்டுகளில் ஒரு நெறி உறுதிப்பட்டிருக்கிறது: கணக்கு யாருடையதோ, சொல்லும் அவருடையது; பகிர்ந்தவரும் பொறுப்பாளி. அந்த நெறியோடு 2015 தீர்ப்பின் அளவுகோலும் சேர்ந்தால்தான் நீதி முழுமையாகும். கேலியையும் விமர்சனத்தையும் எந்தக் கட்சி ஆட்சியிலும் கைதால் அடக்கக் கூடாது. வன்முறையைத் தூண்டும் பதிவையும் பெண்களை இழிவுபடுத்தும் பதிவையும், பதிவிட்டவர் எவ்வளவு பெரியவரானாலும், ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்காமல் விசாரித்து முடிக்க வேண்டும். கட்சிகள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தம் பெயரில் வரும் ஒவ்வொரு பதிவுக்கும் தாமே பொறுப்பு என்று ஒவ்வொரு தலைவரும் இன்றே எழுத்தில் அறிவிக்கலாம். அதை அவர்களிடம் கேட்டுப் பெறுவது வாக்காளரின் கடமை.