மண்ணெண்ணெயில் எழும்பிய வண்டிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மோட்டார் வண்டி வரலாற்றில் 1990ஆம் ஆண்டு ஒரு பிரிகோடு. அவ்வாண்டு ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டதையடுத்து, தெற்கையும் குடாநாட்டையும் இணைத்த ஏ9 நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டு, பெற்றோல், டீசல், பற்றரி, வண்டி உதிரிப்பாகங்கள் ஆகியன அரசின் பொருளாதாரத் தடைக்குள் வந்தன, மின்சாரமும் நின்றுபோனது. விளக்கெரிக்கவென மட்டுப்படுத்திய அளவில் அனுமதிக்கப்பட்ட மண்ணெண்ணெயே குடாநாட்டுக்குள் ஓரளவேனும் கிடைத்த எரிபொருள். கடல்நீரேரியைப் படகில் கடந்து சிறுகச் சிறுக வந்த பெற்றோல் போத்தல் கணக்கில் கைமாறியது. புதிய யப்பானிய வண்டிகள் பல கொட்டிலில் முடங்கிக் கிடக்க, கழித்துவிடப்பட்டவை என்று எண்ணப்பட்ட ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் பெட்போர்ட் லொறிகளும் வீதிக்கு இறங்கிய விந்தைக்குக் காரணம், போருக்கு முந்திய முப்பது ஆண்டுகளில் இருக்கிறது.

1960களில் இலங்கையின் அந்நியச் செலாவணி கரைந்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது, அதற்கு முன் பிரித்தானியாவிலிருந்து வந்த வண்டிகளையே கட்டிக்காக்க வேண்டிய நிலை நாடு முழுவதும் ஏற்பட்டது. 1970 முதல் 1977 வரையான மூடிய பொருளாதாரக் காலத்தில் அந்த நெருக்கடி உச்சத்தை எட்டியது. அதே ஆண்டுகளில்தான் மிளகாய், வெங்காய இறக்குமதி தடுக்கப்பட்டதால் குடாநாட்டுத் தோட்டக்காரரின் கையில் காசு புரண்டது. விளைச்சலைக் கொழும்புக்கு ஏற்ற லொறி வேண்டியிருந்தது, புதிய லொறியோ எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே தேய்ந்த பாகத்தை எறிந்துவிட்டுப் புதிது வாங்கும் பழக்கம் வளர்வதற்கு முன்பே, தேய்ந்ததை லேத்தில் கடைந்தும் ஒட்டியும் வேறொரு வண்டியின் பாகத்தை அராவிப் பொருத்தியும் ஓட்டும் பழக்கம் கராஜ்களில் வேரூன்றிவிட்டது. கொடிகாமம்–பருத்தித்துறை வீதியில் ஆட்களையும் மூட்டைகளையும் சேர்த்தே சுமந்த தட்டிவான்களும், அதாவது பழைய அடிச்சட்டத்தின் மேல் மரக்கூடு அமைத்து, பின்பக்கப் பலகையைச் சங்கிலியில் தொங்கவிட்ட வண்டிகளும், இந்தக் கைவினையின் பிள்ளைகளே.

மண்ணெண்ணெயில் ஓடுவதற்குப் பழைய எஞ்சின் ஏற்றதாக இருந்தமைக்குத் தெளிவான பொறியியல் காரணம் உண்டு. உருளைக்குள் உறிஞ்சப்பட்ட கலவை, பற்றவைக்கப்படுமுன் எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதே அமுக்க விகிதம். 1947 முதல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 காரின் 1200 சிசி எஞ்சினில் அது ஏழுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியது. அக்காலப் பெட்போர்ட் லொறிகளின் ஆறு உருளைப் பெற்றோல் எஞ்சினில் அதனிலும் குறைவு. அமுக்கம் மிகுந்த பிற்கால எஞ்சினில் மண்ணெண்ணெய் உரிய வேளைக்கு முன்பே வெடித்து உலோகத்தில் சுத்தியல் அடிப்பதுபோல ஓசை எழுப்பும். பழைய எஞ்சினோ ஏற்றத்தில் முனகினாலும் ஓடும். பெற்றோல் குளிர்ந்த நிலையிலேயே ஆவியாவதாலும், மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டியிருப்பதாலும், முதலில் சிறிது பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது முறை. இதைக் குடாநாட்டின் கண்டுபிடிப்பு என்று பெருமை பேசுவது வழக்கமானாலும், பிரித்தானியாவின் பண்ணை உழவு இயந்திரங்கள் இரட்டைத் தாங்கியுடன் இதே முறையில் பல பத்தாண்டுகள் ஓடியிருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே தொழிற்சாலை செய்து கொடுத்ததை இங்கே மருத்துவமனைச் சேலைன் குழாயும் ஒரு சிறு போத்தலும் செய்தன என்பதே வேறுபாடு. போத்தலிலிருந்து கார்பரேற்றருக்குள், அதாவது காற்றையும் எரிபொருளையும் கலக்கும் பாகத்துக்குள், விழுந்த சில துளிப் பெற்றோலே ஒரு பயணத்தின் மூலதனம்.

ஆண்டுக்கணக்கில் நின்ற லொறியை எழுப்புவது இதற்கும் முந்திய வேலை. ரயரில் பாரம் இறங்காதபடி பனங்குற்றியிலோ கல்லிலோ ஏற்றி, கிடுகால் மூடி வைக்கப்பட்ட வண்டியையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. பிஸ்ரன், அதாவது உருளைக்குள் மேலும் கீழும் இயங்கும் தண்டு, உருளைச் சுவரோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியே எண்ணெயை ஊற்றி, ஓரிரு நாள் ஊறவிட்ட பின்பே அதை அசைக்கலாம். பற்றரி இல்லாத காலத்தில் அசைப்பதற்குக் கைதான் வேண்டும். வண்டியின் முன்புறத் துளையில் செருகிச் சுழற்றும் ஹான்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது கராஜில் சேர்ந்த பையனுக்கு முதலில் கற்பிக்கப்பட்ட பாடம். எஞ்சின் பின்னுதைத்தால் கம்பியைச் சுற்றிப் பிடித்த பெருவிரல் முறிந்துவிடும். எஞ்சின் சுழன்றாலும் கிளச் தட்டு எஞ்சினின் பறப்புச் சக்கரத்தோடு துருவேறி ஒட்டியிருக்கும். பிறேக் உருளைகள் இறுகியிருக்கும். தாங்கியின் அடியில் பழைய பெற்றோல் பிசினாக உறைந்து கிடக்கும். குடாநாட்டுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. சுண்ணக்கல் அடுக்கிலிருந்து ஊறும் கிணற்றுநீர் கடினநீர் ஆகையால், எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களில் வெண்காவி படிந்து, ஓடத் தொடங்கிய வண்டி சில கட்டைக்குள் கொதித்து நின்றுவிடும்.

மண்ணெண்ணெய் தன் விலையையும் வாங்கிக்கொண்டது. எரியாமல் எஞ்சிய துளிகள் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தன. எண்ணெயோ பெற்றோலைப் போலவே அரிது. வால்வுகளில் கரி படிந்தது. வீதியெங்கும் பரவிய வெண்புகையும் கண்ணெரிச்சலும் 1990 முதல் 1995 வரையான ஐந்தாண்டுகளின் அடையாளமாகப் பலர் நினைவில் நிற்கின்றன. போர் நெருங்கி, 1995 அக்டோபர் 30 அன்று குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் அதன் மற்றொரு பகுதியான தென்மராட்சி நோக்கி ஒரே இரவில் பெயர்ந்தபோது, மிகப் பலர் நடந்தும் சைக்கிளிலுமே போயினர். எழுப்பிவிடக்கூடிய வண்டிகளும் எரிபொருளின்றி முற்றத்தில் விடப்பட்டன. 1996இல் திரும்பியவர்களில் வண்டியைக் கண்டவர்களுக்கு மீண்டும் பனங்குற்றி, மீண்டும் ஊறவைத்தல், மீண்டும் ஹான்டில்.

இந்தப் பழைய வண்டிகளின் வயதைக் காட்டும் சான்று ஒன்று இலக்கத் தகட்டில் உண்டு. 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்து தகடுகளில் கட்டாயமாகி, அதற்கு எதிராகத் தமிழர் தார் பூசிப் போராடுவதற்கு முன் பதிவான வண்டிகள் இ.எல்., சி.என். போன்ற ஆங்கில எழுத்துகளையே தாங்கின.

2002 ஏப்ரலில் ஏ9 திறந்தபோது பெற்றோலும் டீசலும் வந்தன. 2006 ஆகஸ்டில் பாதை மீண்டும் மூடி, போர் முடிந்த 2009இல் திறந்தது. மண்ணெண்ணெய்க்குப் பழகிய எஞ்சினைப் பெற்றோலுக்குத் திருப்பப் புதிய குழாய் போட்டால் போதாது. கரி சுரண்டி, வால்வைத் தேய்த்துப் பதித்து, எண்ணெய் மாற்றி, பற்றவைப்பு வேளையையும் முன்னகர்த்த வேண்டியிருந்தது. அந்த வேலை முடியும் காலத்துக்குள் இந்தியத் தயாரிப்பு டீசல் லொறிகளும் மூன்று சில்லு ஓட்டோக்களும் வீதியை நிறைத்துவிட, ஹான்டில் செருகும் துளை இல்லாத வண்டிகளே கராஜுக்கு வரலாயின.