ஆண்டாள், அம்பாள், ஒத்த ஸ்டார்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. (யாரும் தேடலங்கறது வேற விஷயம், ஹி ஹி.) இந்தப் பதிவை 2024 தீபாவளி சமயத்துலயே எழுதியிருக்கணும். அப்போ எழுதியிருந்தா வெறும் புலம்பலா போயிருக்கும். நடுவுல கொஞ்சம் பழைய கதையெல்லாம் தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க, மாமாவுக்கு நடந்தது புதுசு இல்லைன்னு தோணிச்சு. பதிவு நீளம், டீ எடுத்துட்டு உக்காருங்க.

என் மாமாவுக்கு சிவகாசி பக்கத்துல சின்னதா ஒரு பட்டாசுக் கடை இருக்கு. லைசென்ஸ் இருக்கு, ஆன்லைன் வியாபாரம் கிடையாது. வாட்ஸப்புல விலைப்பட்டியல் அனுப்புவார், ஜனங்க கார் எடுத்துட்டு நேர்ல வந்து வாங்கிட்டுப் போவாங்க. அவ்ளோதான். மேப்ல கடையைச் சேர்த்துவிட்டது அடியேன்தான். 40 பேர் ரேட்டிங் போட்டிருந்தாங்க, சராசரி 4.6. மாமா அதை வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் காட்டுவார்.

தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது போன் வந்துச்சு. "மாப்ளே, என்னையத் திருடன்னு எழுதியிருக்காங்கப்பா. ஓசூர்லேர்ந்து ஒரு பொண்ணு. அந்தப் புள்ளைக்கு நான் ஒரு மத்தாப்பு கூட வித்ததில்லையே?"

போய்ப் பார்த்தா வரிசையா ஒத்த ஸ்டார். "பணம் கட்டியாச்சு, பட்டாசு வரல." "ஃபிராடு கடை, யாரும் போகாதீங்க." ஒரு வாரத்துல 11 பேர்.

இங்க ஒரு சின்னக் கணக்கு (இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதாவது பண்ணணுமே). 40 பேர் 4.6 வீதம் போட்டா மொத்தம் 184. அதோட பதினோரு ஒண்ணைச் சேர்த்தா 195. 51 பேரால வகுத்தா 3.8. இதே 11 ஒத்த ஸ்டார் 4000 பேர் ரேட்டிங் போட்ட பெரிய கடைக்கு விழுந்திருந்தா? 4.6 கிட்டத்தட்ட 4.59 ஆகும். திரையில அப்பவும் 4.6-ன்னுதான் காட்டும். அதே கல்லுதான், யானை மேல பட்டா தூசி, எலி மேல பட்டா கதை முடிஞ்சுது.

மாமாவுக்கு முதல் சந்தேகம் எதிர்க்கடை அண்ணாச்சி மேல. ரெண்டு நாள் அவர்கிட்ட முகம் குடுத்துப் பேசல. மாமாவைக் குத்தம் சொல்ல முடியாது, உலகம் அப்படித்தான் இருக்கு. 2010-ல ஆர்லாண்டோ ஃபைஜஸ்னு ஒரு பிரிட்டிஷ் வரலாற்றுப் பேராசிரியர், ரஷ்ய வரலாற்றுல பெரிய புள்ளி, அமேசான்ல புனைபேர்ல உக்காந்துக்கிட்டு சக ஆராய்ச்சியாளர்கள் புத்தகத்தையெல்லாம் கிழிச்சுத் தொங்கவிட்டார். தன் புத்தகத்துக்கு மட்டும் தானே புகழ்மாலை. மாட்டினதும் முதல்ல வக்கீல் நோட்டீஸ் மிரட்டல், அப்புறம் மனைவி எழுதிட்டாங்கன்னு கதை, கடைசியில நாந்தான்னு ஒத்துக்கிட்டு நஷ்டஈடும் குடுத்தார். பேராசிரியரே அப்படின்னா எதிர்க்கடைக்காரர் எம்மாத்திரம்னு மாமா நினைச்சா தப்பா?

ஆனா இங்க எதிர்க்கடைக்காரர் பாவம், ஒண்ணுமே பண்ணல. திட்டினவங்களும் பொய் சொல்லல. அவங்க பணம் நிஜமாவே போயிருந்துச்சு. மாமா கடைப் பேரோட "ஆன்லைன்"னு ஒரு வார்த்தையை ஒட்டவச்சு, அவர் கடை போட்டோவையும் போட்டு எவனோ ஒரு வெப்சைட் நடத்தியிருக்கான். காசு போனவங்க கடைப் பேரைத் தேடியிருக்காங்க. மேப்ல கிடைச்சது மாமா.

கொஞ்சம் பின்னணி. 2018 அக்டோபர் 23-ல சுப்ரீம் கோர்ட் அர்ஜுன் கோபால் வழக்குல ஆன்லைன்ல பட்டாசு விக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. ஆனா ஆன்லைன்ல வாங்கணுங்கற ஆசை ஜனங்களுக்குப் போகல. அந்த இடைவெளியிலதான் போலி சைட்டுங்க முளைச்சுது. 2024-லயும் தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு தீபாவளிக்கு முன்னாடி இதுபத்தி எச்சரிக்கை விட்டாங்க. நம்ம ஊர்மேலயும் ஒரு தப்பு இருக்கு. பெட்டி மேல ஒரு விலையை அச்சடிச்சுட்டு 80% தள்ளுபடின்னு விக்கறது சிவகாசிப் பழக்கம். நல்ல கடையும் 80%, திருட்டு சைட்டும் 80%. ஓசூர்ல இருக்கற பொண்ணு எதை வச்சுப் பிரிச்சுப் பார்ப்பா?

நிற்க. இனிமேதான் கொசுவத்தி.

1922-ல ப.அய்ய நாடாரும் அ.சண்முக நாடாரும் சிவகாசியிலேர்ந்து கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு, 1923-ல ஊர்ல தீப்பெட்டி செய்ய ஆரம்பிச்ச கதை எல்லாருக்கும் தெரியும். (விருதுப்பட்டி விருதுநகர்னு பேர் மாத்திக்கிட்டதும் அதே 1923-லதான்.) அதே சமயத்துல ஸ்வீடன்காரங்களோட விம்கோ கம்பெனியும் இந்தியாவுல கால் வச்சிருச்சு. அவன்கிட்ட மெஷின், மூலதனம் எல்லாம் இருந்துச்சு. இவங்ககிட்ட இருந்தது கை உழைப்பு. கூடவே லேபிள்.

லேபிள்னா சும்மா இல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவங்க நிறைஞ்ச சந்தை அது. கடைக்கு வர்றவர் கம்பெனி பேரா கேப்பார்? படத்தைச் சொல்லிக் கேப்பார். பட்டாசுலயும் அதேதான், சேவல் மார்க்னு கேட்டா காளீஸ்வரின்னு கடைக்காரருக்குப் புரியும். ஒரு பெட்டி நமுத்துப்போகாம எரிஞ்சா, அடுத்த தடவை அதே படத்தைத் தேடுவாங்க. அந்தக் காலத்து அஞ்சு ஸ்டார் அதுதான். லேபிளுக்காக வந்த அச்சுத் தொழில் பின்னாடி காலண்டர், டைரின்னு வளர்ந்து "குட்டி ஜப்பான்"ங்கற பேரை வாங்கிக் குடுத்துச்சு.

படத்துக்கு மதிப்பு வந்தா, படத்தைத் திருடறவனும் வருவான். பழைய தீப்பெட்டிப் படம் சேர்க்கிறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. அதே கலர், அதே மிருகம், பேர்ல மட்டும் ஒரு எழுத்து மாறியிருக்கும். சிவகாசிக்காரன் ஏமாந்தது மட்டுமில்ல, ஏமாத்தவும் செஞ்சிருக்கான், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. சரக்கு மேல பொய் அடையாளம் போடறதுக்கு எதிரா 1889-லயே வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். டிரேட்மார்க்கைப் பதிவு பண்ற சட்டம் 1940-லதான் வந்துச்சு. "போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்", "எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது", பாக்கெட் மேல முதலாளியோட முறைச்ச மூஞ்சி போட்டோ... இதையெல்லாம் பார்த்து சிரிச்சிருப்போம். இப்போ யோசிச்சா அதுதான் அந்தக் காலத்து வெரிஃபைடு டிக்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச வழக்கு ஒரு மூக்குப்பொடி வழக்கு. சென்னையில ஸ்ரீ அம்பாள் கம்பெனின்னு ஒரு மூக்குப்பொடிக்காரங்க. சின்னகிருஷ்ண செட்டியார்னு இன்னொருத்தர் "ஸ்ரீ ஆண்டாள்"னு தன் பொடிக்குப் பேரைப் பதிவு பண்ணப் போனார். அம்பாள்காரங்க எதிர்த்தாங்க. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1969-ல தீர்ப்பாச்சு. ஆண்டாள் தரப்பு வாதத்தை யோசிச்சுப் பாருங்க. அம்பாள் சிவனோட தேவி, ஆண்டாள் பெருமாளையே வரிச்ச ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பொண்ணு, ரெண்டையும் எந்தத் தமிழன் குழப்பிப்பான்? எங்க ஜில்லாக்காரிங்கறதால எனக்கும் இந்தக் கட்சிதான். ஆனா கோர்ட் ஒத்துக்கல. தென்னிந்திய இந்துக்களுக்கு வித்தியாசம் தெரியலாம், ஆனா பொடி வாங்கறவங்க அவங்க மட்டும் இல்லையே, மத்த மதக்காரங்களும் வாங்கறாங்க, வியாபாரம் தென்னிந்தியாவோட நிக்கவும் இல்ல, காதுல விழறப்போ ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்குன்னு சொல்லி, ஆண்டாளுக்குப் பதிவு கிடையாதுன்னுட்டாங்க.

முதல்ல படிச்சப்போ சிரிச்சேன். மாமா கதைக்கு அப்புறம் படிச்சப்போ சிரிப்பு வரல. ஓசூர்ப் பொண்ணுக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தெரிஞ்சிருக்கும். கோர்ட் பார்த்தது அந்த மாதிரி வாடிக்கையாளரோட காதைத்தான்.

பேர் குழப்பத்துல ஒத்த ஸ்டார் வாங்கினதுல மாமாவுக்குப் பெரிய கூட்டாளியும் உண்டு. 2017 ஏப்ரல்ல, இந்தியா மாதிரி ஏழை நாடெல்லாம் வேணாம்னு ஸ்னாப்சாட் முதலாளி சொன்னதா ஒரு செய்தி கிளம்புச்சு. அப்படிச் சொல்லலன்னு கம்பெனி மறுத்துச்சு, யார் கேட்டா? நம்மாளுங்க பொங்கியெழுந்து ஒத்த ஸ்டார் போட்டாங்க. அதுல கணிசமான பேர் போட்டது ஸ்னாப்டீலுக்கு! டெல்லி பக்கத்துல தேமேன்னு சட்டை துணிமணி வித்துக்கிட்டிருந்த கம்பெனி. அவ்வ்வ்வ். அவங்க பெரிய கம்பெனி, தாங்கினாங்க.

சின்னக் கடைக்காரன் தாங்கமாட்டான். 2018 நவம்பர் 17, எழும்பூர் ஸ்டேஷன் ஞாபகம் இருக்கா? ராஜஸ்தான்லேர்ந்து வந்த 2000 கிலோவுக்கு மேல இறைச்சியைப் பிடிச்சாங்க, நாய்க்கறின்னு செய்தி பரவுச்சு. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில சோதிச்சு, அது ஆட்டுக்கறிதான்னு வர சில நாள் ஆச்சு. அதுக்குள்ள தெருமுனை பிரியாணிக் கடைக்கெல்லாம் கூட்டம் போச்சு. "ஆட்டுக்கறிதானாம்"ங்கற ஃபார்வர்டு உங்களுக்கு எத்தனை வந்துச்சு? எனக்கு ஒண்ணு, அதுவும் பிரியாணிக் கடை வச்சிருக்கற ஃப்ரெண்டுகிட்டேர்ந்து.

பழைய காலத்துல வதந்தி இல்லையான்னா, இருந்துச்சு. விருதுநகர் எதுவும் பெருசா விளையாத ஊர். பருப்பு, எண்ணெய், மல்லி, வத்தல்னு வெளியில விளையறதுக்கு விலை சொல்லியே வளர்ந்த ஊர். அங்க வியாபாரியோட வாக்குதான் முதல். ஒருத்தன் சரக்கைப் பத்திப் பொய்யா பேசினா, பேசினவன் யார்னு சாயங்காலத்துக்குள்ள மார்க்கெட்டுக்கே தெரிஞ்சிரும். நாடார் உறவின்முறை வியாபாரத்துல மகமை வசூல் பண்ணி, க்ஷத்ரிய வித்யாசாலா பள்ளிக்கூடம் ஆரம்பிச்சதைப் பெருமையா சொல்லுவாங்க. அதே உறவின்முறைதான் தங்களுக்குள்ள தகராறு வந்தா கூப்பிட்டு வச்சு விசாரிக்கும், அபராதமும் போடும். நான் இதை ரொம்ப சிலாகிக்கல. அது ஒரு சாதிக்குள்ள இருந்த ஏற்பாடு, வெளியாளுக்கு அந்தத் திண்ணையில இடம் கிடையாது. ஆனா மாமாவுக்கு இப்போ எந்தத் திண்ணையுமே இல்லை. அனானியா வந்து திட்டிட்டுப் போறவனை என்ன பண்றதுன்னு பதிவு எழுதற நமக்கே தெரியல. பழைய பதிவர்களுக்கு, ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் பின்னூட்டம் போட்ட கூத்தெல்லாம் ஞாபகம் இருக்கும்.

சட்டம் என்ன சொல்லுது? மவுத்ஷட்னு 2000-லேர்ந்து இருக்கற விமர்சனத் தளம். திட்டி எழுதினதைத் தூக்குன்னு கம்பெனிங்க நோட்டீஸ் மேல நோட்டீஸ் விட, அவங்க 2013-ல சுப்ரீம் கோர்ட் போனாங்க. ஸ்ரேயா சிங்கால் வழக்கோட சேர்த்து 2015 மார்ச் 24-ல தீர்ப்பு. கோர்ட் உத்தரவோ அரசு உத்தரவோ இருந்தாத்தான் தளம் எடுத்தாகணும்னு ஆச்சு. எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கும். இது இல்லேன்னா கெட்டுப்போன குருமா ஊத்தின ஹோட்டலைப் பத்தி நான் நாலு வரி எழுத முடியாது. மாமா பக்கத்துலேர்ந்து பார்த்தா, 11 ஒத்த ஸ்டாருக்காக கோர்ட் படி ஏறணும். வக்கீல் ஃபீஸ் அவரோட ஒரு சீசன் லாபம். 2022 நவம்பர்ல ஆன்லைன் விமர்சனத்துக்குன்னு இந்திய தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 19000-னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. வந்தப்போ அது கட்டாயம் இல்ல, இஷ்டப்பட்டா கடைப்பிடிக்கலாம்.

ஃப்ரெண்டு ஒருத்தன் வேற வழி சொன்னான். காசு குடுத்தா 50 பேர் அஞ்சு ஸ்டார் போடுவாங்களாம். மாமாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சார். "எவனோ என் பேர்ல பொய் சொன்னான்னுதானே மாப்ளே இம்புட்டு வயிறு எரியுது. நானே என் பேர்ல காசு குடுத்து சொல்லச் சொல்றதா?"ன்னார். கடன் தலைக்கு மேல இருந்த நேரம் அது. கிஃப்ட் பாக்ஸ் பாதி தேங்கிக் கிடந்துச்சு.

1930-க்குப் போன் பண்ணிப் புகார் குடுத்தோம். அந்த சைட் நவம்பர் முதல் வாரத்துல தானாவே காணாமப் போச்சு, தீபாவளி முடிஞ்சா அவனுக்கு என்ன வேலை? எதிர்க்கடை அண்ணாச்சிகிட்ட மாமா போய் விஷயத்தைச் சொல்ல, அவர் தன் கடையையும் பதறிப்போய் மேப்ல தேடிப் பார்த்திருக்கார். அவருக்கும் மூணு ஒத்த ஸ்டார்.

11 பேருக்கும் மாமா ஒவ்வொரு விரலா தட்டி தமிழ்ல பதில் போட்டார். "அம்மா, அது நான் இல்லை. உங்க பணம் போனதுக்கு வருந்துறேன். இது என் நம்பர், கூப்பிடுங்க." கூப்பிட்டது ஓசூர்ப் பொண்ணு ஒருத்திதான். 4500 ரூபாய் போயிருக்கு, அப்பார்ட்மென்ட் பசங்களுக்காக சேர்ந்து கட்டின பணமாம். முக்கால் மணி நேரம் பேசியிருக்காங்க. கடைசியில மன்னிப்புக் கேட்டுட்டு, உடனே மாத்திடறேன் அண்ணாச்சின்னு சொல்லியிருக்கு.

மாத்தவும் செஞ்சுது. இப்பவும் மேப்ல இருக்கு, போய்ப் பாத்தேன். "இந்தக் கடை இல்லை, வேற போலி சைட். இவர் நல்ல மனுஷன், நம்பி வாங்கலாம்"னு எழுதியிருக்கு. ஸ்டாரை மட்டும் மாத்த மறந்திருச்சு. ஒண்ணுதான்.

மாமாகிட்ட, திரும்பக் கூப்பிட்டுச் சொல்லட்டுமான்னு கேட்டேன். "வேணாம்பா, அந்தப் புள்ளையே பணம் போன கவலையில இருக்கு"ன்னுட்டார்.