பீற்றூட் சாறு குடித்தால் குளிசையை நிறுத்தலாமா?

உயர் குருதி அமுக்கத்துக்குக் குளிசை எடுத்துவந்த என் அம்மா, யாரோ சொன்னதைக் கேட்டு அதை நிறுத்திவிட்டு, தினமும் பீற்றூட் சாறு குடித்தார். மூன்றாம் வாரம் தலைச்சுற்றோடு கிளினிக் போனபோது மேல் அளவு 180.

சாற்றில் பிழையில்லை. பீற்றூட்டிலுள்ள நைத்திரேற்று உடலில் நைத்திரிக் ஒட்சைட்டாக மாறி இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். அதனால் அமுக்கம் சற்றுக் குறையலாம். குளிசையின் வேலையை அது செய்யாது.

இளநீரில் பொற்றாசியம் அதிகம். உப்பிலுள்ள சோடியம் சிறுநீரோடு வெளியேற அது உதவும். ஆனால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும், லொசாட்டன், எனலப்பிரில் எடுப்பவர்களுக்கும் இரத்தத்தில் பொற்றாசியம் அளவுக்கு மீறினால் இதயத்துடிப்பே குழம்பிவிடும். இவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தினமும் இளநீர் குடிக்க வேண்டாம்.

அம்மா இப்போது குளிசையும் எடுக்கிறார், சீனி போடாத சாறும் அரைக் கோப்பை குடிக்கிறார். கருவாட்டையும் ஊறுகாயையும் விடத்தான் இன்னும் மனம் வரவில்லை.