வீட்டில் வைஃபை வேகம் குறைகிறதா? புதிய கருவி வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

இந்திய நகரங்களில் கண்ணாடியிழை இணைய இணைப்பு பரவலான பின்னரும், கூடத்தில் கிடைக்கும் வைஃபை வேகம் படுக்கையறையில் கிடைப்பதில்லை என்ற குறை நீடிக்கிறது. இணையவழித் தேர்வு எழுதும் மாணவர்களும் வீட்டிலிருந்து பணிபுரிவோரும் இதனால் பாதிக்கப்படுகின்றனர். குறை எங்குள்ளது என அறியாமல் கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறினால் பணம்தான் வீணாகும்.

குறையை அறிவது எப்படி?

முதலில் மடிக்கணினியை லேன் கேபிள் மூலம் ரவுட்டருடன் இணைத்து வேகத்தைச் சோதிக்க வேண்டும். கேபிளில் முழு வேகம் கிடைத்து, அறைகளில் மட்டும் குறைந்தால் சிக்கல் வைஃபையில் உள்ளது. கேபிளிலும் வேகம் குறைந்தால் ரவுட்டரின் திறனைப் பார்க்க வேண்டும். பழைய ரவுட்டர்கள் பலவற்றின் லேன் போர்ட், விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் கடத்தாது. அவற்றில் 300 மெகாபிட் திட்டத்தின் பயன் கிடைக்காது. ரவுட்டர் திறன் போதுமானதாக இருந்தால் சேவை நிறுவனத்திடம் புகார் அளிக்கலாம்.

இரு அலைவரிசைகள்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள் சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும், வேகம் குறைவு. இதில் ஒன்றோடொன்று குறுக்கிடாமல் பயன்படுத்தக்கூடிய சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே என்பதால் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நெரிசல் ஏற்படுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் செங்கல், கான்கிரீட் சுவர்களில் விரைவில் வலுவிழக்கும். இந்த அலைவரிசையில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றிப் பயன்படுத்த மத்திய அரசு 2018 அக்டோபரில் அனுமதித்தது. எனவே, புதிதாக வாங்கும் ரவுட்டர் இரு அலைவரிசைகளிலும் இயங்குவதாக இருத்தல் நலம்.

ரிப்பீட்டரா, மெஷ் கருவியா?

விலை குறைந்த ரிப்பீட்டர்கள் ஒரே அலைவரிசையில் தரவைப் பெற்று, அதிலேயே மீண்டும் அனுப்புவதால் வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. சிக்னல் கிடைக்காத அறையில் ரிப்பீட்டரை வைப்பதாலும் பயனில்லை. ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் இடையே, சிக்னல் நன்கு கிடைக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

பெரிய வீடுகளுக்கும் மாடி வீடுகளுக்கும் மெஷ் கருவிகள் ஏற்றவை. ஒரே பெயரில் இயங்கும் இக்கருவிகளைக் கேபிளால் இணைத்தால் வேக இழப்பு பெருமளவு தவிர்க்கப்படும். கேட் 5இ வகைக் கேபிள், 100 மீட்டர் வரை விநாடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் தரவைக் கடத்தும்.

செலவின்றி ஒரு தீர்வு

இரும்பு அலமாரி அருகிலோ தொலைக்காட்சியின் பின்புறமோ உள்ள ரவுட்டரை, வீட்டின் நடுப்பகுதியில் உயரமான, திறந்த இடத்துக்கு மாற்றினாலே பல வீடுகளில் சிக்னல் மேம்படும். அதன் பின்னரும் குறை நீடித்தால் மட்டும் புதிய கருவி வாங்குவது சிக்கனமான வழியாகும்.