கண்ணுக்குத் தெரியாதவர்கள்: சிறார் மாயக்கதைகளின் வரலாற்றில் நமது இடம்



வன்கொடுமை வழக்குகளும் பஞ்சமி நிலமும் காத்திருக்கும்போது, நினைவுச் சொற்பொழிவில் சிறுவர்களுக்கான மாயக்கதை, அறிவியல் புனைகதை பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். இருக்கிற உலகம் மட்டுமே உலகமல்ல என்று ஒரு குழந்தை முதலில் அறிவது கதையில்தான். அந்தக் கதையில் யாருக்கு இடம் கிடைத்தது என்பதும் சமூக வரலாறுதான்.

1947இல் சென்னையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அம்புலிமாமாவை எடுத்துக்கொள்வோம். விக்கிரமாதித்தன் வேதாளம் கதைக்கு ஓவியர் சங்கர் வரைந்த படம் பல தலைமுறைகளின் நினைவில் நிற்கிறது. கையில் வாள், தோளில் பிணம், சுடுகாட்டில் நடக்கும் அரசன். நம் ஊர்களில் குழி வெட்டுவதும் பிணம் எரிப்பதும் பிறப்பால் சுமத்தப்பட்ட வேலை. சுடுகாட்டில் இரவெல்லாம் விழித்திருந்தவர் வெட்டியான் என்று அழைக்கப்பட்ட மனிதர். அந்தப் படத்தில் அவர் இல்லை. அரசன் சுமந்தால் சாகசம், அவர் சுமந்தால் தீட்டு. வேதாளம் அரசனிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டது, இதைக் கேட்கவில்லை.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. பிரிட்டனின் வேலியண்ட் இதழில் 1962இல் தொடங்கிய தொடர் அது. மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். மின்சாரம் பிறக்கும் ஊரான மேட்டூரில் அந்தக் கதைக்குத் தனி ஈர்ப்பு இருக்கத்தானே செய்யும்? இங்கே 1934இல் அணை முடிந்தது, 1937இல் நீர்மின்சாரம் வந்தது, 1987இல் அனல்மின் நிலையம் வந்தது.

ஆனால் மறைந்துபோவது எல்லோருக்கும் ஆற்றலாக இருந்ததில்லை. பார்த்தாலே தீட்டு என்று பகலில் வெளியே வரவிடாமல் தடுக்கப்பட்ட புதிரை வண்ணார் பற்றி, திருநெல்வேலிப் பகுதியிலிருந்து 1932 டிசம்பரில் தி இந்து நாளிதழ் செய்தி வெளியிட்டது. மாயாவி விரும்பி மறைந்தான். அவர்கள் மறைக்கப்பட்டார்கள். அவர்கள் துணி வெளுத்தது தலித் சாதிகளுக்கு என்பதால், இந்தக் கேள்வி நம்மை நோக்கியும் திரும்புகிறது.

கால இயந்திரத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1979இல் எழுதிய 'கிண்ட்ரெட்' நாவலில், 1976இல் வாழும் கறுப்பினப் பெண் ஒருத்தி அடிமை முறை நிலவிய காலத்துப் பண்ணைக்கு இழுத்துச் செல்லப்படுகிறாள். வெள்ளைக்காரப் பயணிக்கு இறந்தகாலம் சுற்றுலா, அவளுக்கோ சவுக்கு. நம் சிறுமியைச் சோழர் காலத்துக்கு அனுப்பினால் அவள் எங்கே போய் இறங்குவாள்? அரண்மனையிலா, தீண்டாச்சேரியிலா? இதை எழுதாத சரித்திர மாயக்கதை பாதிக் கதைதான்.

கற்பனை நமக்கு அந்நியமான ஆடம்பரம் அல்ல. தோல் தொழில் செய்த சமூகத்தில் பிறந்த ரவிதாசர், துயரமும் வரியும் இல்லாத பேகம்புரா என்ற நகரத்தைப் பாடினார். பெரியார் 1940களில் 'இனிவரும் உலகம்' எழுதி, அறிவியலால் மாறப்போகும் மனித வாழ்வை முன்கூட்டியே வரைந்து காட்டினார். இந்த மரபு சிறுவர் கதைக்குள் வந்து சேரவில்லை என்பதுதான் இடைவெளி.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்த காலத்தில், நடந்ததைச் சாட்சியாகச் சொல்வதே முதல் கடமையாக இருந்தது. மறுக்கப்பட்ட உண்மையை முதலில் நிலைநாட்ட வேண்டியிருந்தது. அது சரியே. ஆனால் சாட்சி சொல்வது மட்டுமே நம் வேலை என்று பிறர் நமக்கு வரையறை வகுத்தால், அதுவும் ஒரு சேரிதான்.

அண்மைக்காலத்தில் தமிழ்ச் சிறார் எழுத்து நகர்ந்திருக்கிறது. ஆயிஷா இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' 2014இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் பெற்றது. பேசும் பொம்மையின் வழியாகச் சிறார் மீதான பாலியல் அத்துமீறலைப் பேசிய யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் அதே விருதைப் பெற்றது. விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு', மாணவர் கையில் கட்டப்படும் சாதிக் கயிற்றைக் கேள்வி கேட்டது. ஆங்கிலத்தில் தலித் எழுத்தாளர் மிமி மண்டல் 2018இல் ஹ்யூகோ விருதுப் பட்டியலில் இடம்பெற்றார். 2024இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் சாதி எதிர்ப்பு அறிவியல் புனைவுத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. நம் விடுதிகளில் தமிழில் படிக்கும் பிள்ளைகளின் கைக்கு இப்படி ஒரு தொகுப்பு எப்போது வரும்?

அதற்கான கதை மேட்டூரிலேயே கிடக்கிறது. அணை நீர் இறங்கும்போது, பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரிகின்றன. பத்திரிகைகள் படம் எடுக்கின்றன. கல்லால் கட்டியவை தலை காட்டும். மண்சுவரும் ஓலைக் கூரையுமாக இருந்த குடிசைகள் கரைந்துபோயிருக்கும், அவற்றுக்குக் கோபுரம் கிடையாது. அணை எத்தனை அடி இறங்கினாலும் அவை தெரியப்போவதில்லை. அவற்றை மீட்டுக்காட்டும் கருவி கற்பனை மட்டுமே.

மாலைநேரப் பாடசாலை நடத்தும் தோழர்கள் பாடத்துக்குப் பிறகு ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். நீருக்கடியில் இறங்கி அந்தக் குடிசைகளைத் தேடும் சிறுமியின் கதையைப் பிள்ளைகளே சொல்லட்டும். நாம் எழுதிக்கொள்வோம், அச்சிடுவோம்.