ஒன்பது கட்டங்களில் எமது பாண் வரலாறு



கடந்த வாரம் பாடசாலையில் பெற்றோரும் பிள்ளைகளும் ஆசிரியர்களுமாகச் சேர்ந்து 'பாண் பிங்கோ' விளையாடினோம். காசு இல்லை, பந்தயம் இல்லை. ஆளுக்கொரு அட்டை. அதில் ஒன்பது கட்டங்கள்: பாண், விசுக்கோத்து, ப்ரூடர், ரோஸ்ட் பாண், கிம்புலா பணிஸ், மாலு பாண், ரொட்டி, கொத்து, சூன் பாண். மேசையில் இருப்பதை ருசி பார்க்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் கட்டத்தில் புள்ளடி போடலாம். ருசி பார்ப்பதில் யாரும் பின்நிற்கவில்லை. வரலாற்றைச் சொல்வதில்தான் பலரும் தடுமாறினார்கள். அன்று பிள்ளைகளுக்குச் சொன்னதை இங்கும் எழுதி வைக்கிறோம்.

முதலாவது கட்டம் பாண். இது போர்த்துக்கேயச் சொல். அவர்கள் 1505இல் இங்கு வந்தார்கள். பாணைச் சுடும் 'போறணை'யும், 'விசுக்கோத்து'ம் அவர்களுடைய மொழியிலிருந்து வந்தவையே. அதற்கு முன்னர் எமது அடுப்பில் இருந்தவை அரிசி மாவில் செய்த ஆப்பமும் இடியப்பமும் பிட்டும்தான். இதே போர்த்துக்கேயர் 1626இல் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, பலரைக் கிழக்குக் கரையில் குடியமர்த்தினான். எம்மைத் துரத்தியவர்களின் சொல்லைச் சொல்லித்தான் இன்று காலையும் கடையில் பாண் வாங்கினோம். வரலாறு இப்படித்தான் இருக்கிறது, பிள்ளைகளே.

அதிகம் பேர் தவறவிட்ட கட்டம் ப்ரூடர். ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. முந்திரிகை வற்றல் போட்டு, நெளிவுள்ள அச்சில் சுடுவது. பறங்கியர் வீடுகளில் நத்தாருக்கு வெண்ணெயும் சீஸும் வைத்துச் சாப்பிடுவார்கள். பணிஸ், ரோஸ்ட் இரண்டும் ஆங்கிலேயர் தந்த சொற்கள். கிம்புலா என்றால் சிங்களத்தில் முதலை, மாலு என்றால் மீன். சூன் பாண் என்பதில் உள்ள 'சூன்' ஆங்கிலத்தின் 'டியூன்'. முச்சக்கரவண்டி எமது ஒழுங்கைக்குள் வரும்போது ஒலிப்பது பீத்தோவனின் 'ஃபூர் எலிசே' என்று சொன்னதும் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

பெயர்களின் கதை இவ்வளவுதான். மாவின் கதை இதைவிடக் கனமானது.

எமது வயல்களில் கோதுமை விளைவதில்லை. பாண் எமது அன்றாட உணவானது ஆசையால் மட்டுமல்ல, தட்டுப்பாட்டாலும்தான். 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. கோதுமை மா வீட்டுக்குள் நுழைந்தது. வந்த மா திரும்பிப் போகவில்லை. 1973, 74 காலத்தில் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறியபோது, ஒரு இறாத்தல் பாணுக்காக மக்கள் விடியுமுன் வரிசையில் நின்றார்கள். 1980இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியது. அரைப்பது இங்கே என்றாலும் கோதுமை கப்பலில்தான் வருகிறது. 1994 தேர்தலில் பாண் விலை 3 ரூபா 50 சதம் என்பதே பெரிய வாக்குறுதியாக இருந்தது. 2022இல் டொலர் இல்லை, எரிவாயு இல்லை, உக்ரைனில் யுத்தம். பல பேக்கரிகள் மூடப்பட்டன, பாண் விலை 200 ரூபாவைத் தாண்டியது. எங்கோ நடக்கும் யுத்தம் எமது பிள்ளையின் காலைச் சாப்பாட்டைத் தொடுகிறது என்பதற்கு இதைவிட வேறு பாடம் தேவையில்லை.

கொத்து என்ற கட்டத்துக்கு வந்தபோது பெரியவர்கள் கொஞ்சம் அமைதியானார்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், சாப்பாட்டில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி 'மலட்டு மாத்திரை' என்று வதந்தி பரப்பினார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அந்த அறிக்கை வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று ஒரு தாய் கேட்டார். வயதுக்கு ஏற்றபடி சொல்ல வேண்டும் என்பதே எமது கருத்து. வதந்தி ஒரு பிடி மாவைக்கூட ஆயுதமாக்கும் என்று தெரிந்த பிள்ளை, கையில் வரும் செய்தியை அனுப்புமுன் ஒரு தடவை யோசிக்கும்.

அதே பிள்ளைக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். எழுபதுகளின் பாண் வரிசையில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் முன்னும் பின்னுமாகத்தான் நின்றார்கள். ஒருவர் இடத்தை மற்றவர் பார்த்துக்கொண்டார். அதை எந்த அறிக்கையிலும் தேடிப் பிடிக்க முடியாது. நின்றவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் மூத்தம்மா, மூத்தவாப்பா இருந்தால் இன்று இரவே பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். எத்தனை மணிக்கு வரிசைக்குப் போனீர்கள்? பக்கத்தில் யார் நின்றார்கள்? பாண் முடிந்துவிட்டால் வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள்? சொல்வதை ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த வரிசையில் நின்றவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு போகிறார்கள்.