பெயர் எழுதாத படங்கள்

பினாங்கு நகரின் சூலியா தெரு, தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாகூர் தர்கா அத்தெருவில்தான் இருக்கிறது. தெருவின் ஒரு முனை பீச் தெருவைத் தொடுகிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர் பலர் பினாங்கில்தான் கரையிறங்கினர். 1930ஆம் ஆண்டு தொடங்கி, அதே துறைமுகம் வழியாகப் பல்லாயிரம் பேர் வேலையிழந்து ஊர் திரும்பினர்.

காரணம் உலகப் பொருளாதார மந்தம். 1925இல் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் ரப்பர் நான்கு ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1932இல் மூன்று பென்சுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு ஷில்லிங் என்பது 12 பென்சு. வீழ்ச்சி எவ்வளவு என்று நாமே கணக்கிட்டுக் கொள்ளலாம். பல தோட்டங்களில் ஆண்களுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி முதலில் 40 ஆகவும், பின்னர் 28 ஆகவும் குறைந்தது. பெண்களுக்கு அதனினும் குறைவு. 1930க்கும் 1932க்கும் இடையே ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்துக்கு அனுப்பப்பட்டனர்.

அதே மந்தம் அமெரிக்க உழவர்களையும் ஊர்விட்டு ஊர் விரட்டியது. அந்நாட்டு அரசாங்கம் 1935இல் ஓர் அலுவலகம் அமைத்து, அவர்கள் வாழ்வைப் படம் பிடிக்கச் சிலரை அனுப்பியது. அவர்களுள் ஒருவர் டோரதியா லாங் என்னும் பெண்மணி. 1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற இடத்தில், பட்டாணி விளைச்சல் கெட்டு வேலையின்றித் தவித்த ஒரு தாயையும் அவள் பிள்ளைகளையும் அவர் படமெடுத்தார். செய்தித்தாளில் படம் வந்ததும், அந்த முகாமுக்கு 20,000 இராத்தல் உணவு அனுப்பப்பட்டது. ஆனால் அதற்குள் அந்தத் தாய் வேறிடம் போய்விட்டாள். அவள் பெயரையும் யாரும் குறித்துக் கொள்ளவில்லை. ஃபுளோரன்ஸ் தாம்சன் என்ற அப்பெயர் 1978இல்தான் உலகுக்குத் தெரிந்தது.

மலாயாவில் அத்தகைய அலுவலகம் எதுவும் இருக்கவில்லை. பால்வெட்டுத் தொழிலாளரைப் படமெடுத்த ஐரோப்பியர் பலர், தபால் அட்டைக்கும் ஆல்பத்துக்குமே எடுத்தனர். படத்தின் கீழே 'தமிழர்', 'கூலிகள்' என்று அச்சிட்டார்கள். ஆளின் பெயரை அச்சிடவில்லை. கூலி குறைந்த நாளில் லயத்து அடுப்பில் என்ன வெந்தது என்பதை அந்தப் படங்களில் காண முடியாது.

ஆகவே நம் வரலாற்றுக்கு நம் வீட்டுப் படங்களே சாட்சி. திரைச்சீலைக்கு முன் நின்று எடுத்த குடும்பப் படம், 1948இல் அடையாள அட்டை வந்தபோது எடுத்த சிறு படம், கல்யாணப் படம் ஆகிய எல்லாம் சாட்சிதான். ஆனால் பெயரில்லாத சாட்சி பேசாது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய பாட்டிமாரும் குறைந்து வருகின்றனர்.

தாய்மார்களே, பிள்ளைகளே! சுவரிலிருக்கும் படத்தை இறக்கிப் பெரியவர்களிடம் காட்டுங்கள். இது யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கேளுங்கள். கேட்டதைப் படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.